குண்டறையில் ஒரு பயணி: ஸ்டாக்ஹோம் இரவு விமானங்கள், 1941–45

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது ஒரு பிரிட்டிஷ் பயணிகள் விமான நிறுவனம், குண்டுவீச்சு விமானத்தின் குண்டறையில் ஆளைப் படுக்கவைத்து ஸ்வீடனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே பறந்ததாகப் படித்தேன். உண்மையா? வெறும் பால் பேரிங்குக்காகவா இவ்வளவு பாடு? ஜெர்மானியர்களுக்குத் தெரியாமல் எப்படி நடத்தினார்கள்?

பதில்: ஆளைப் படுக்கவைத்துப் பறந்தது உண்மை. பேரிங் என்பது பாதிக் கதை. ஜெர்மானியர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பது தவறு. அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்ற இரண்டும் தானாக விளங்கிவிடும்.

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கையும் நார்வேயையும் பிடித்ததும் நடுநிலை நாடான ஸ்வீடன் மேற்குலகிலிருந்து துண்டாகிவிட்டது. அதன் மேற்குக் கரையிலிருந்து வடகடலுக்குப் போக ஒரே வாசல் ஸ்காகெராக் நீரிணை. வடகரை நார்வே, தென்கரை டென்மார்க், இடையில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடல். இரு கரையிலும் ஜெர்மன் போர்விமானத் தளங்கள்: நார்வேயில் ஸ்டாவங்கர், கிறிஸ்டியான்சான்ட், டென்மார்க்கில் ஆல்போர்க். பிரிட்டனுக்கோ ஸ்வீடனோடு தொடர்பு அறுந்துபோகக் கூடாது. ஸ்டாக்ஹோமில் அதன் தூதரகம் இருந்தது. ஜெர்மனியின் கொல்லைப்புறத்தில் என்ன நடக்கிறது என்று அறிய அதைவிட நல்ல திண்ணை வேறில்லை. கோதன்பர்க்கில், இயந்திரத்தின் சுழலும் தண்டைத் தாங்கும் பால் பேரிங் செய்கிற எஸ்.கே.எஃப். தொழிற்சாலை இருந்தது. நார்வேயிலிருந்து எல்லை தாண்டி வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பிரிட்டன் போய்ச் சண்டையில் சேரக் காத்திருந்தார்கள்.

ராணுவ விமானத்தை அனுப்ப வழியில்லை. போரிடும் நாட்டின் ராணுவ விமானம் நடுநிலை நாட்டில் இறங்கினால் விமானமும் அதிலிருந்தவர்களும் அங்கேயே தடுத்துவைக்கப்படுவார்கள். ஜெர்மனிமேல் குண்டு வீசப்போய் அடிபட்டு ஸ்வீடனில் இறங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்கு அதுதான் நேர்ந்தது. பயணிகள் விமானம் என்றால் சட்டம் வேறு. ஆகவே இந்த வேலை பி.ஓ.ஏ.சி.யிடம் (பிரிட்டிஷ் ஓவர்சீஸ் ஏர்வேஸ் கார்ப்பரேஷன்) போனது. இம்பீரியல் ஏர்வேஸையும் பழைய பிரிட்டிஷ் ஏர்வேஸையும் இணைத்து 1939இல் சட்டம் போட்டு உருவாக்கிய அரசு நிறுவனம் அது. 1940 ஏப்ரல் முதல் இயங்கியது. உளவுத்துறை பொய்ப் பெயரில் நடத்திய கம்பெனி அல்ல. ஆனால் இந்த ஒரு தடத்தில் மட்டும் யார் ஏறலாம், எது ஏற்றலாம் என்பதை அரசாங்கம்தான் முடிவு செய்தது. கவுன்டரில் டிக்கெட் வாங்கி ஏறுகிற சேவையாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

பயணிகள் விமானம் என்று காட்டச் செய்தது இவ்வளவுதான்: துப்பாக்கி இருக்கக் கூடாது. ராணுவ எண்ணுக்குப் பதில் 'ஜி' என்று தொடங்கும் சிவில் பதிவெழுத்து, அதன் அடியில் சிவப்பு-வெள்ளை-நீலப் பட்டை. விமானிக்கும் ரேடியோ ஆபரேட்டருக்கும் பி.ஓ.ஏ.சி. சீருடை, பையில் கடவுச்சீட்டு. இந்த வேஷம் ஜெர்மானியர்களை ஏமாற்ற அல்ல. ஸ்வீடன் அதிகாரி தன் பதிவேட்டில் 'சிவில் விமானம்' என்று எழுதுவதற்கு ஒரு நியாயம் வேண்டும்; அதற்கு மட்டும். ஜெர்மன் தூதரகம் வந்து புகார் கொடுத்தால் அவர் காட்ட ஒரு காகிதம் இருக்க வேண்டும் அல்லவா?

ஸ்டாக்ஹோமின் புரொம்மா விமான நிலையத்தில் இதன் வேடிக்கை முழுதாகத் தெரியும். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்ட்ஹான்ஸா பெர்லினிலிருந்து வந்து இறங்குவதும் அதே நிலையத்தில்தான். சண்டை போடும் இரு நாட்டு விமானங்களும் ஒரே தளத்தில் நின்றன. எந்த விமானம் எப்போது கிளம்புகிறது என்று பார்த்துச் சொல்ல ஜெர்மானியர்களுக்கு உளவாளியே வேண்டாம், ஜன்னல் போதும். எனவே அங்கே மறைக்க முடிந்தது மூன்றே மூன்றுதான்: பெட்டிக்குள் என்ன, உள்ளே ஏறியவர் யார், இருட்டுக்குள் போனபின் எந்த வழியாக எந்த உயரத்தில் பறக்கிறது. இந்த நிறுவனத்தின் ரகசியம் அதைத் தாண்டி எதுவுமில்லை.

சேவை 1941 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லூக்கர்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து தொடங்கியது. முதலில் ஓடியவை லாக்ஹீட் வகை இரட்டை எஞ்சின் பயணிகள் விமானங்கள். பிறகு அதே லாக்ஹீட் நிறுவனத்தின் லோட்ஸ்டார்கள் பெருகின. அவற்றில் பலவற்றை நார்வேயின் நாடுகடந்த அரசாங்கம் வாங்கிக் கொடுத்தது. ஓட்டியவர்களும் நார்வே விமானப்படைக்காரர்களே, பி.ஓ.ஏ.சி. சீருடையில்.

லூக்கர்ஸிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,270 கிலோமீட்டர். அந்தக் கோடு நார்வேயின் தென்முனையை உரசிப் போகிறது. தெற்கே ஒதுங்கி ஸ்காகெராக் வழியாகப் போனால் தூரம் கூடும். வடக்கே ஏறி நார்வே மலைகளுக்கு மேலே போனால் பனிக்கட்டி. லோட்ஸ்டார் மணிக்கு 350 கிலோமீட்டர் அளவில் போகிற வண்டி. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் கூட. அதில் ஆபத்தான பகுதியைக் கடக்க மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டு வேண்டும்.

கோடையில் அந்த இருட்டு கிடைக்காது. நம் ஊரில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கும்மிருட்டு. ஸ்டாக்ஹோம் இருப்பது 59 டிகிரி வடக்கில். ஜூன் கடைசியில் நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்கு ஏழு டிகிரி கீழேதான் இறங்கும். முழு இருட்டுக்கு 18 டிகிரி இறங்க வேண்டும். ஆக, ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அங்கே இரவு என்பது நீண்ட அந்தி மட்டும். வடக்கு வானம் வெளுத்துக் கிடக்கும். தெற்கிலிருந்து பார்க்கிற போர்விமானிக்கு அந்த வெளுப்பில் லோட்ஸ்டார் கரும்புள்ளியாகத் தெரியும். குளிர்காலத்தில் இருட்டு தாராளம், ஆனால் மூடுபனி, இறக்கையில் பனிக்கட்டி, வடதுருவ ஒளி மூன்றும் உண்டு. கடைசியாகச் சொன்னது அழகுதான்; ஆனால் மேகத்துக்கு மேலே பறக்கிறவனை அது விளக்குப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். 1943 ஏப்ரலில் ஒரு லோட்ஸ்டார் ஸ்காகெராக் பக்கம் சுட்டு வீழ்த்தப்பட்டது.

இந்த இடத்தில்தான் மஸ்கிட்டோ வருகிறது. டி ஹாவிலண்ட் செய்த அந்த விமானத்தின் உடல் மரம்: இரண்டு பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா கட்டை, எல்லாம் பசையால் ஒட்டியது. இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின். வேகத்தை நம்பித் துப்பாக்கியே இல்லாமல் பறக்கும் குண்டுவீச்சு விமானம் என்பதுதான் அதன் மூல வடிவமைப்பு. ஸ்வீடன் விதித்த நிபந்தனையும் துப்பாக்கி கூடாது என்பதே. இதைவிடப் பொருத்தம் அமையுமா? (ஒரு பக்கக் குறிப்பு: குளிர் நாட்டில் நன்றாக உழைத்த அந்தப் பசையும் மரமும் நம் பக்கத்து வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தாங்கவில்லை. 1944 கடைசியில் இந்தியாவில் இருந்த மஸ்கிட்டோக்களில் ஒட்டு விட்டுப்போய் விபத்துகள் நடக்க, அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்துப் பரிசோதித்தார்கள்.)

முதல் சிவில் மஸ்கிட்டோ ஜி-ஏஜிஎஃப்வி. நான்காம் வகையைச் சேர்ந்தது. 1943 பிப்ரவரி 4இல் முதல்முறை ஸ்டாக்ஹோம் போனது. அந்த வசந்தத்திலேயே ஆறாம் வகையில் ஆறு வந்தன. 1944இல் மேலும் மூன்று. ஆறாம் வகை பிறவியில் போர்விமானம். மூக்கில் நான்கு இயந்திரத் துப்பாக்கி, வயிற்றின் முன்பாதியில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கி, பின்பாதியில் குண்டு. பீரங்கிகளைக் கழற்றி, மூக்கில் இருந்த துளைகளை மூடினார்கள். அதனால் கிடைத்த லாபம் சட்டபூர்வமானது மட்டுமல்ல: பீரங்கி போன இடமும் குண்டு போன இடமும் சேர்ந்து ஒரு நீண்ட வெற்றறை ஆகிவிட்டது. ஏறத்தாழ 300 கிலோ சரக்கு ஏற்றலாம். சரக்கு வேண்டாமென்றால் ஒரு ஆள்.

ஆளை ஏற்றும் விதம் இப்படி. குண்டறையின் உட்சுவரில் கனத்த கம்பளித் துணி அடித்திருக்கும். தரையில் ஒரு மெத்தை. தலைக்கருகே சிறு படிப்பு விளக்கு, ஆக்சிஜன் குழாய், இன்டர்காம் இணைப்பு. பயணி தடித்த பறக்கும் உடையும், மிதவை அங்கியும், பாராசூட்டும் போட்டுக்கொண்டு விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து வந்து, திறந்த கதவு வழியாக மேலே ஏறி மல்லாந்து படுக்க வேண்டும். ஃபிளாஸ்கில் காப்பியும் படிக்க ஏதாவதும் கையில் கொடுப்பார்கள். பிறகு கதவை மூடிவிடுவார்கள். ரயிலில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்த பிறகு மூக்குக்கு மேலே கூரை இருக்குமே, அதே நெருக்கம். ஆனால் இதில் இறங்க வழி கிடையாது. விமானி அறைக்கும் குண்டறைக்கும் நடுவே ஆள் போக வர இடமில்லை. ஏதாவது நேர்ந்தால் பேச்சுதான் ஒரே உறவு. அந்தக் கம்பி வேலை செய்யாவிட்டால் கீழே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட மேலே தெரியாது.

உயரம்தான் உண்மையான ஆபத்து. ஜெர்மன் விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு எளிதில் எட்டாமலிருக்க 7,000 மீட்டருக்கு மேலே போவார்கள். அங்கே வெளிவெப்பம் சராசரியாக பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. அறையில் காற்றழுத்தம் கூட்டும் ஏற்பாடு கிடையாது. 7,500 மீட்டரில் ஆக்சிஜன் இல்லாமல் ஒரு மனிதன் புத்தியோடு செயல்படும் நேரம் மூன்று முதல் ஐந்து நிமிடம். கொடுமை என்னவென்றால் மூச்சு முட்டுவது போலத் தோன்றாது. லேசான மயக்கமும் காரணமில்லாத நிம்மதியும் வரும், பிறகு நினைவு போய்விடும். அதனால்தான் குறிப்பிட்ட உயரம் வந்ததும் 'இப்போது ஆக்சிஜனைத் திற' என்று இன்டர்காமில் சொல்லி, பதில் வாங்கும் வழக்கம்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும் என்பதற்கு உதாரணம் நீல்ஸ் போர். பள்ளிப் பாடத்தில் வரும் அணு மாதிரிக்குச் சொந்தக்காரர். தன்னைக் கைது செய்யப்போகிறார்கள் என்று அறிந்து 1943 செப்டம்பர் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து படகில் ஸ்வீடன் வந்தவரை, அக்டோபர் முதல் வாரத்தில் மஸ்கிட்டோவில் ஏற்றினார்கள். விமானம் தாக்கப்பட்டால் குண்டறைக் கதவைத் திறந்து அவரை வெளியே விடுவது, அவர் பாராசூட்டில் கடலில் இறங்குவது, கையில் கொடுத்த தீப்பந்தக் குச்சிகளைக் கொளுத்தி மீட்புக்காரர்களுக்கு அடையாளம் காட்டுவது: இதுதான் திட்டம். அக்டோபர் மாத வடகடலில் இது எவ்வளவு சாத்தியம் என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இயற்பியலாளருக்குத் தலை பெரிது. கொடுத்த தலைக்கவசம் முழுதாக இறங்கவில்லை. அதிலிருந்த காதுபேசி காதுக்கு வரவில்லை. ஆக்சிஜனைத் திறக்கச் சொன்ன குரல் அவருக்குக் கேட்கவேயில்லை, நினைவிழந்தார். மேலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராததால் விமானிக்குச் சந்தேகம் தட்டியது. நார்வேயைத் தாண்டியதும் வேகமாகக் கீழிறங்கி, வடகடலைத் தாழப் பறந்து கடந்தார். ஸ்காட்லாந்தில் இறங்கும்போது பயணிக்கு நினைவு திரும்பியிருந்தது. மகன் ஆகே சில நாள் கழித்து இதே முறையில் வந்து சேர்ந்தார். இந்தச் சம்பவத்தை வேடிக்கைக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இதில் கவனிக்க வேண்டியது அந்த விமானியைத்தான். பதில் வராததற்குக் கம்பி பழுது என்று எண்ணி உயரத்திலேயே தொடர்ந்திருந்தால், அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கு ஆலோசகராகப் போனவர் ஸ்காட்லாந்துக்குப் பிணமாக வந்திருப்பார்.

மஸ்கிட்டோவுக்கு ஒருவழிப் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். நீண்ட குளிர்கால இரவில் போய், சரக்கு மாற்றி, எண்ணெய் நிரப்பி, விடியுமுன் திரும்பிவிடலாம். ஆனால் வேகம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. முதல் விமானமான ஜி-ஏஜிஎஃப்வியே 1943 ஏப்ரலில் ஸ்காகெராக் மேலே ஜெர்மன் போர்விமானத்திடம் அடிவாங்கி, ஸ்டாக்ஹோம் அருகே பார்கார்பி தளத்தில் சக்கரம் இறங்காமல் வயிற்றால் உரசி நின்றது. அதைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள்.

ஆட்களோடு போன மஸ்கிட்டோக்கள் நான்கு. 1943 ஆகஸ்டில் ஒன்று ஸ்காட்லாந்து மலையில் மோதியது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்று, எஞ்சின் ஒன்று நின்றுபோய், லூக்கர்ஸை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் விழுந்தது. அதில் நார்வேக்காரர்களான இரு விமான ஊழியர்களோடு குண்டறையில் இருந்த பயணியும் இறந்தார். 1944 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் இரண்டு: ஒன்று லூக்கர்ஸ் அருகே கடலில் விழுந்தது, இந்தத் தடத்தின் மூத்த விமானிகளில் ஒருவரான கில்பர்ட் ரே அதில் இறந்தார், மற்றது கோதன்பர்க்கிலிருந்து கிளம்பி வந்து சேரவேயில்லை. காரணங்களைக் கவனித்தால் மலை, எஞ்சின், கடல் என்றுதான் வருகிறது. முதல் மூன்றும் ஜெர்மன் துப்பாக்கிக்கு எட்டாத இடத்தில், வீட்டு வாசலில் நடந்தவை.

அது தற்செயல் அல்ல. மூன்று மணி நேரக் குளிருக்கும் பதற்றத்துக்கும் பிறகு வந்து சேரும் இடம், கடல்மூடுபனி அடிக்கடி ஏறும் ஸ்காட்லாந்துக் கரை. பின்னால் மலை. மெர்லின் திரவக் குளிர்ச்சி எஞ்சின். குளிர்நீர் ஒழுகினால் சில நிமிடத்தில் அதை நிறுத்தியாக வேண்டும். மஸ்கிட்டோ ஒற்றை எஞ்சினில் உயரத்தில் நன்றாகப் பறக்கும், ஆனால் இறங்குவதற்காகச் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் விட்டு வேகம் குறைந்தபின் மனதை மாற்றிக்கொள்ள இடம் கொடுக்காது. ஓடும் எஞ்சினுக்கு முழுவிசை கொடுத்தால் மூக்கு அந்தப் பக்கத்துக்கு எதிராகத் திரும்பும். அதைச் சுக்கான் பிடித்து நிறுத்துவதற்குரிய வேகம் அப்போது இருக்காது. ஒரே முயற்சியில் இறங்கிவிட வேண்டும், அதுவும் இருட்டில்.

பேரிங் விஷயத்துக்கு வருவோம். இந்தத் தடத்துக்கே 'பால் பேரிங் ஓட்டம்' என்று பெயர் வந்துவிட்டது. கணக்கு போட்டால் அந்தப் பெயர் பாதிதான் தாங்குகிறது. மஸ்கிட்டோக்கள் போய்வந்தது சுமார் 520 முறை. ஒவ்வொரு திரும்பலிலும் 300 கிலோ பேரிங் மட்டுமே ஏற்றினார்கள் என்று வைத்தாலும் மொத்தம் 156 டன். உண்மையில் தபாலும் ஆட்களும் போக மிச்சம் இன்னும் குறைவு. இதே பொருளைக் கடல்வழியாகக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் பின்னி. பிரிட்டிஷ் இரும்பு-எஃகுக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆளாக ஸ்டாக்ஹோமில் இருந்தவர், முன்னாள் ஆர்க்டிக் ஆய்வுப் பயணி. 1941 ஜனவரியில் ஸ்வீடனில் முடங்கியிருந்த ஐந்து நார்வே சரக்குக் கப்பல்களைக் குளிர்கால இருட்டில் கிளப்பி, ஐந்தையும் ஆர்க்னி தீவுகளுக்குச் சேர்த்தார். சரக்கு சுமார் 25,000 டன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பத்துக் கப்பலோடு மறுபடி முயன்றபோது இரண்டுதான் பிரிட்டன் வந்தன. பிறகு 1943–44 குளிர்காலத்தில் ஐந்து வேகப் படகுகள்: துப்பாக்கிப் படகாகக் கட்டத் தொடங்கி, வணிகக் கப்பல் கொடி பறக்கவிட்டு, ஹல் துறைமுகத்து மாலுமிகளை வைத்து ஓட்டியவை. அவை ஸ்வீடனின் லீசேஷில் துறைமுகத்திலிருந்து அந்த ஒரு பருவத்தில் கொண்டுவந்தது 350 டன்னை ஒட்டி. ஒரு படகை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆக, மஸ்கிட்டோக்கள் இரண்டேகால் ஆண்டில் சுமந்திருக்கக்கூடியது, நாலைந்து படகுகள் ஒரு குளிர்காலத்தில் சுமந்ததில் பாதிகூட இல்லை.

அப்படியானால் விமானத்தில் ஏன் ஏற்ற வேண்டும்? பேரிங்கில் எடை முக்கியமில்லை, அளவுதான் முக்கியம். விமானக் கருவிகளின் சுழலிகளில் போகும் பேரிங் சில கிராம்தான். ஐந்து கிராம் என்றால் 300 கிலோவில் 60,000 பேரிங். பிரிட்டனிலும் ஆலைகள் இருந்தன: லூட்டனில் எஸ்.கே.எஃப்.பின் கிளையான ஸ்கெஃப்கோ, செம்ஸ்ஃபோர்டில் ஹாஃப்மன், நியூவார்க்கில் ரான்சம் அண்ட் மார்ல்ஸ். நியூவார்க் ஆலைமேல் 1941 மார்ச்சில் குண்டு விழுந்தது. பொதுவான அளவுகளை அவர்களே செய்துகொண்டார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவு பேரிங் தீர்ந்துபோனால், அதே துளைக்குக் கொஞ்சம் பெரியதை அடித்துப் பொருத்த முடியாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பார்க்கிற பொருள் அது. அந்த ஒரு உருப்படிக்காக மொத்த வரிசையும் நிற்கும். கப்பல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதைக் காட்டிலும், தந்தி கொடுத்த வாரத்தில் ஒரு பெட்டி வந்து இறங்குவது ஆலைக்கு மேல். விமானங்கள் செய்தது இந்த அவசர வேலையை. பேரிங் செய்யும் இயந்திரங்களுக்கான உதிரிகளும் தனிவகை எஃகுப் பொருள்களும் இதில் சேரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே எஸ்.கே.எஃப். ஜெர்மனிக்கும் விற்றது, ஷ்வைன்ஃபர்ட்டில் அதற்குத் துணை நிறுவனமே இருந்தது. ஷ்வைன்ஃபர்ட் ஆலைகள்மேல் 1943இல் அமெரிக்கர்கள் பெருவிலை கொடுத்துக் குண்டு வீசிக்கொண்டிருக்க, ஸ்வீடனிலிருந்து பேரிங் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் குண்டு உதவாது, பணமும் மிரட்டலும் கலந்த பேரம்தான் உதவும். 1944 வசந்தத்தில் ஸ்டான்டன் கிரிஃபிஸ் என்ற அமெரிக்க வணிகர் ஸ்டாக்ஹோம் போய் உட்கார்ந்து பேசி, ஜூனில் எஸ்.கே.எஃப். ஜெர்மனிக்கு அனுப்புவதைக் குறைக்க ஒப்பந்தம் முடித்தார். இந்த விமானத் தடம் சுமந்ததில் அதிக மதிப்புள்ளது எது என்று கேட்டால் நான் பேரிங்கைச் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட அதிகாரமுள்ள மனிதர்களையும் அவர்கள் கொண்டுபோன தபால் பைகளையும்தான் சொல்வேன்.

அந்த வரிசையில் எதிர்பாராத பெயர்கள் உண்டு. 1942இல் கவிஞர் டி. எஸ். எலியட் பிரிட்டிஷ் கவுன்சில் சார்பில் ஸ்வீடனுக்குச் சொற்பொழிவாற்றப் போனார். அதே வசந்தத்தில் சிச்செஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் போனார். மே மாதக் கடைசியில் ஸ்வீடனின் சிக்டூனா ஊரில் ஜெர்மன் பாதிரியார் டீட்ரிஷ் போன்ஹோஃபர் அவரைச் சந்தித்து, ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்துகொண்டிருந்தவர்களின் பெயர்களைச் சொல்லி லண்டனின் ஆதரவைக் கேட்டார். பெல் அதைக் கொண்டுவந்து வெளியுறவு அமைச்சர் ஈடனிடம் கொடுத்தார். ஈடன் ஏற்கவில்லை.

நார்வே இளைஞர்களை மஸ்கிட்டோவில் ஒவ்வொருவராக ஏற்றினால் போர் முடிந்தாலும் வேலை முடியாது. 1944 மார்ச் கடைசியில் அமெரிக்கர்கள் வந்தார்கள். நார்வேயில் பிறந்து துருவப் பறப்பில் பெயரெடுத்த கர்னல் பெர்ன்ட் பால்ஷன் தலைமையில், துப்பாக்கி கழற்றிய லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், ராணுவ அடையாளம் இல்லாத வண்ணம், சிவில் உடையில் விமானிகள், ஸ்டாக்ஹோமில் ஒரு சிவில் அலுவலகம். இதுதான் ஆபரேஷன் சன்னி. 'ரகசிய விமான நிறுவனம்' என்ற சொல் சரியாகப் பொருந்துவது பி.ஓ.ஏ.சி.யைவிட இதற்குத்தான், ஏனென்றால் முழுக்க ராணுவம் நடத்தியது, மேலே மட்டும் சிவில் சட்டை. சுமார் 2,000 நார்வேக்காரர்களையும், ஸ்வீடன் விடுவித்த அமெரிக்க விமானிகளையும் அது கொண்டுவந்தது. 1944 ஜூன் 13இல் ஜெர்மன் வி-2 ராக்கெட் ஒன்று சோதனையில் வழிதவறி ஸ்வீடனின் பெக்கெபு கிராமத்தருகே விழுந்தபோது, அதன் சிதறல்களும் பிரிட்டனுக்கு விமானத்தில்தான் போயின.

சிவில் அடையாளம் உண்மையிலேயே பாதுகாப்பு கொடுத்ததா? ஸ்வீடனின் சொந்த நிறுவனமான ஏ.பி.ஏ.வைப் பார்த்தால் போதும். நடுநிலை நாட்டின் டிசி-3 விமானங்கள், உண்மையான சிவில் விமானங்கள், அதுவும் ஸ்காட்லாந்து தடத்தில் ஓடின. 1943 ஆகஸ்டில் 'கிளாடன்' திரும்பி வரவில்லை. அக்டோபர் 22இல் 'கிரிப்பன்' ஜெர்மன் விமானத்தால் சுடப்பட்டு ஹாலோ தீவில் விழுந்தது. 15 பேரில் 13 பேர் மாண்டார்கள். காகிதம் புரொம்மாவில் இறங்க உதவியது. வழியில் காப்பாற்றியவை இருட்டும் உயரமும் வேகமும்தான்.

காகிதத்துக்கே மதிப்பில்லாத தடம் ஒன்றும் அதே காலத்தில் ஓடியது, நம் பக்கத்துக் கடலில். சிங்கப்பூர் விழுந்தபின் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் 1943 நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்கு அருகே கொக்கல ஏரிக்கும் இடையே கட்டலினா கடல்விமானங்களை ஓட்டியது. 5,650 கிலோமீட்டர், 27 முதல் 33 மணி நேரம், மூன்று பயணிக்கு மேல் கிடையாது. இடையில் இறங்க நடுநிலை நாடு எதுவுமில்லை, வேஷம் காட்ட அதிகாரியும் இல்லை. ஜப்பானியர்களுக்குத் தெரியாமல் இருப்பது ஒன்றே வழி என்பதால் வழிநெடுக ரேடியோவில் வாய் திறக்காமல் நட்சத்திரம் பார்த்துப் பறந்தார்கள். 271 முறை கடந்ததில் ஒரு விமானமும் தொலையவில்லை. நீங்கள் கேட்ட 'யாருக்கும் தெரியாமல்' என்பது அந்தத் தடத்துக்குத்தான் பொருந்தும்.

ஸ்டாக்ஹோம் தடத்தில் மஸ்கிட்டோ சேவை 1945 மே 17இல் நின்றது. ஜெர்மனி சரணடைந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நார்வேக்கு மேலே பகலில் நேர்கோட்டில் பறக்கலாம் என்று ஆனபின், மணிக்கு நூற்றைம்பது லிட்டருக்கும் மேல் பெட்ரோல் குடிக்கும் எஞ்சின் இரண்டை ஓட்டி ஒரே ஒரு பயணியைக் கொண்டுபோக யாருக்கும் அவசியமில்லை. இருக்கை போட்ட டகோட்டாக்கள் வேலையை எடுத்துக்கொண்டன.